பாதி வழியில் இறக்காத சட்டி

கதிரேசா,

நின்றுகொண்டே படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைக்கிற கடிதம் இல்லை இது. உட்கார்ந்து படி. கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அனுப்பி, அச்சுக்குக் கொடுக்கும் முன் பார்த்துச் சொல்லச் சொன்னாய். பார்த்தேன். எழுத்து அழகாக இருக்கிறது. பெண் வீட்டார் பெயரெல்லாம் சரியாக இருக்கிறது. உன் பெரியப்பா பெயரைத்தான் காணோம். அப்பா இல்லாத எனக்கு அப்பா இடத்தில் மாமா நிற்கட்டும், பெரியப்பா வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பிறகு ஆறியபின் யோசித்தேன். உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஒருவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறாய். அதற்குள் அந்தச் சத்தியத்தை மீறித்தான் ஆக வேண்டும். மீறுகிறேன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும்.

உன் அப்பா போனபோது உனக்கு மூன்று வயது. விளாத்திகுளம் பக்கத்து நிலத்தையெல்லாம் பெரியப்பா பார்த்துக்கொள்ள, நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து மில் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். இந்த ஊரில் மட்டையைத் தூக்குகிற பையன் எவனும் ஹாக்கி மைதானத்துக்குத்தான் போவான். நீ மட்டும் நாலு சுவருக்குள் போனாய். ஆபீசர் கிளப்புக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்து ஸ்குவாஷ் கோர்ட் ஒன்று சும்மா கிடந்தது. மில் மேனேஜர் மகன் உன் வகுப்பு. அவனுக்குக் கூட ஆட ஆள் இல்லை. அப்படி ஆரம்பித்ததுதான். ஒரு நாள் மாடிப்படி ஏறி மேலேயிருந்து பார்த்தேன். நம் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. உள்ளே இரண்டு பையன்கள், நடுவில் வலை கிடையாது, ஒரே இடத்துக்குள் நின்று ஒரே சுவரில் மாற்றி மாற்றி அடிக்கிறீர்கள். ஒருவன் வீசுகிற மட்டை இன்னொருவன் காதை உரசிக்கொண்டு போகிறது. கீழே இறங்கி வந்து, இது என்ன விளையாட்டு, இரண்டு ஆட்டுக்கிடாயை ஒரே கூண்டில் போட்ட மாதிரி என்று உன்னைத் திட்டினேன். அடித்ததும் விலகி மற்றவனுக்கு வழி விட வேண்டும் அம்மா, அதுதான் முதல் சட்டம் என்றாய். அந்தச் சட்டத்தைக் கல்யாணத்துக்குப் பிறகும் வைத்துக்கொள். நீ பேசி முடித்ததும் விலகி நில், அந்தப் பெண்ணும் அடிக்கட்டும்.

பதினேழு வயதில் நீ இந்திய இளையோர் அணிக்குத் தேர்வானாய். சிங்கப்பூரில் சர்வதேசப் போட்டி. முதலில் தனித்தனியாக ஆட வேண்டும், அது முடிந்ததும் நாட்டுக்கு நாடு. நாட்டுக்கு நாடு என்றால் பக்கத்துக்கு மூன்று பேர், இரண்டு ஜெயித்தால் நாடு ஜெயித்தது என்று எனக்கு விரலை மடக்கி விளக்கினாய். பயணம் பங்குனிப் பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்து என்றார்கள். அந்தப் பேச்சை நம்பி, சென்னையில் பயிற்சியில் இருந்த உன்னை ஊருக்கு, அந்தப் பொங்கல் திருவிழாவுக்குக் கூப்பிட்டு வந்தது நான்தான். அம்மன் கோயிலில் முதல் தீச்சட்டி நம் குடும்பத்துச் சட்டி. உன் தாத்தா எடுத்தார், உன் அப்பா எடுத்தார், மீசை அரும்பிய பின் உன் முறை. பூசாரி உன் வலது கையில் மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டினார். கட்டினால் எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டி வெளியே ராத்தங்கக் கூடாது, அது உனக்கும் தெரியும். கட்டிய மறுநாளே தந்தி வந்தது. பயணம் முன்னால் வந்துவிட்டது, உடனே சென்னை வந்து சேராவிட்டால் உன் இடத்தில் வேறு பையன் போவான் என்று.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு நாம் கிளம்பியதை நீ மறந்திருக்க மாட்டாய். கரிசல் வெடித்து, கால் வைத்தால் உள்ளே இறங்குகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. இரண்டு வருஷமாக மழை இல்லை. மிளகாய்ச் செடி நின்ற இடத்திலேயே கருகியிருந்தது. காப்பை மீறிப் பையன் போனான், அதனால்தான் மழை இல்லை என்று ஊர் நம் குடும்பத்தைத்தான் சொல்லும். பெரியப்பா ஊர் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு அதன் முன்னால் நின்றார். பஸ் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. நீ விலகச் சொன்னாய். அவர் விலகவில்லை. நீ அவரைத் தள்ளப் போனாய். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஏலே, காப்புக் கையோட தாண்டாதே. தாண்டுனா நீ திரும்பி வர மாட்டே."

உன் முகம் செத்துப்போயிற்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். காப்புதானே தடுக்கிறது, அதை அவிழ்த்து என் கையில் கட்டுங்கள், அவன் திரும்பி வரும்வரை நான் சுமக்கிறேன், சட்டியையும் நானே எடுக்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "என் கையால இன்னொரு தடவ அவுக்க மாட்டேன், தாயி" என்றார். நீ பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் 'இன்னொரு தடவ' என்று அவர் சொன்னது உன் காதில் ஏறியிருக்காது. முடிச்சு இறுகிப்போயிருந்தது. நான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். என் கையில் நானே சுற்றிக்கொண்டேன். நீ எல்லைக்கல்லைத் தாண்டி ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாய். திரும்பிப் பார்க்கவே இல்லை. வாழ்த்தி அனுப்ப வேண்டிய வாயால் சாபம் விட்ட மனுஷன் என்று அன்றிலிருந்து அவரை ஒதுக்கி வைத்திருக்கிறாய். பொங்கலுக்கு ஊருக்கு வந்தாலும் அவர் வீட்டு வாசல் மிதிப்பதில்லை.

இப்போது கேள். உன் அப்பா எப்படிப் போனார் என்று கேட்டால் எல்லோரும் லாரி விபத்து என்றுதான் சொல்வார்கள். நானும் உனக்கு அப்படித்தான் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அதுவும் ஒரு பங்குனிப் பொங்கல். உன் அப்பா கையில் காப்பு இருந்தது. மிளகாய் வற்றலுக்கு நல்ல விலை வந்திருக்கிறது, தூத்துக்குடிக்கு ஏற்றினால் ஆச்சு, பொங்கல் முடிகிறவரை விலை நிற்காது என்று தகவல் வந்தது. உன் அப்பா தயங்கினார். அண்ணன்தான், காலம் மாறிப்போச்சுலே, போயிட்டு வா, நான் பார்த்துக்கிடுதேன் என்று சிரித்துக்கொண்டே தன் கையால் தம்பியின் காப்பை அவிழ்த்துத் தன் வேட்டி முனையில் முடிந்துகொண்டார். எட்டயபுரம் தாண்டி லாரி கவிழ்ந்தது. உன் அப்பாவைக் கொண்டுவந்து இறக்கியபோது அந்த மஞ்சள் துணி பெரியப்பா வேட்டியிலேதான் இருந்தது. அதற்குப் பிறகு உன் பெரியப்பா யார் கையிலும் காப்புக் கட்டியதும் இல்லை, அவிழ்த்ததும் இல்லை. எல்லைக்கல்லில் உன்னை மறித்து நின்றவர் சாபம் விடவில்லை, கதிரேசா. பயந்துபோய் நின்றார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நேரம் உன் பக்கம்தான் நின்றேன், இன்றைக்கும் அப்படித்தான் நிற்பேன். ஆனால் அவரைக் கெட்டவர் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

எட்டாம் நாள் சட்டி எடுத்தேன். பெண்பிள்ளை எடுக்கலாமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பெரியப்பா என் பக்கத்திலேயே நடந்தார். கோயிலைச் சுற்றி வரும்போது பாதியில் கை பொரிந்து, என்னால் முடியாது என்று தோன்றிவிட்டது. அவர் வேப்பங்குலையால் என் கைக்கு அடியில் விசிறிக்கொண்டே, "பாதி வழியில சட்டிய எறக்கப்படாது, தாயி. எடுத்தாச்சுன்னா சுத்தி முடிச்சுரணும்" என்றார். முடித்தேன். மற்றவர்கள் எல்லோரும் காப்பை அவிழ்த்துவிட்டார்கள். நான் மட்டும் கையில் வைத்துக்கொண்டே கோவில்பட்டி வந்து கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

நீ சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து, நாளை காலை உங்களுக்கு வெளிநாட்டு டிரங்க் கால் வருகிறது, மில் வாசல் டைம் ஆபீசில் வந்து இருங்கள் என்று மில்லிலிருந்து ஆள் வந்து சொன்னார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போகிற பஸ் கண்டக்டரிடம் பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். காலையில் நான் டைம் ஆபீசுக்குப் போனபோது அவர் எனக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போன் அடிக்கும், எடுத்தால் மில் சமாச்சாரமாக இருக்கும். மறுபடியும் அடிக்கும், அதுவும் வேறு எதுவோ. ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து நின்று திரும்ப உட்கார்ந்தார். கடைசியில் கால் வந்தது. உங்கள் அணி மேனேஜர் பேசுவது கடல் இரைச்சலுக்குள் யாரோ முனகுவதுபோல் இருந்தது, ஒரு சொல் பிடிபடவில்லை. நடுவில் சென்னை ஆபரேட்டர் அம்மா இரண்டு பக்கமும் கேட்டுச் சொன்னாள். அவள் முதலில் சொன்னது, உங்க பையனுக்குக் கண்ணில் அடி என்பது. அப்புறம் லைன் போய்விட்டது.

திரும்ப லைன் கிடைக்கும்வரை நான் உயிரோடு இருந்தேனா என்று எனக்கே தெரியாது. பெரியப்பா என்ன என்று கேட்டார். கண் என்று மட்டும் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். என் கையிலிருந்த காப்பை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு லைன் வந்தது. கண்ணில் இல்லை, புருவத்தில். தனிப் போட்டியில் எதிராளியின் மட்டை வீச்சில் கிழிந்துவிட்டது, தையல் போட்டாகிவிட்டது, இமை வீங்கியிருக்கிறது. பார்வைக்குப் பழுதில்லை, ஆடலாம் என்கிறார் டாக்டர். நாளைக்கு நாட்டுக்கு நாடு போட்டி. பையன் ஆடியே தீருவேன் என்கிறான், ஆனால் பதினெட்டு ஆகாத பிள்ளை, வீட்டில் சம்மதம் சொன்னால்தான் இறக்குவோம், இல்லாவிட்டால் மாற்று ஆளைப் போட்டு இவனை அனுப்பிவிடுகிறோம். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள் அந்த அம்மா.

இந்த இடத்தைத்தான் நீ பேசும் மேடையிலெல்லாம் சொல்கிறாய். ஊரே தடுத்தபோதும் என் அம்மா கலங்கவில்லை, சட்டியைப் பாதியில் இறக்காதே, ஆடு என்று கடல் தாண்டிச் சொல்லி அனுப்பினாள் என்று. கேட்பவர்கள் கை தட்டுகிறார்கள். நீ வேலை பார்க்கும் வங்கியில் உனக்குப் பாராட்டு விழா நடத்தியபோது நானும் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். கூசிப்போயிற்று எனக்கு. கதிரேசா, நான் ஆடு என்று சொல்லவில்லை. அனுப்பிருங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு நாடும் வேண்டாம், போட்டியும் வேண்டாம், பிள்ளை கண்ணோடு வந்தால் போதும் என்றிருந்தது. 'அனு' என்றதுமே ரிசீவர் என் கையில் இல்லை. உன் பெரியப்பா பிடுங்கியிருந்தார். தன் வாழ்நாளில் அதற்கு முன் டெலிபோனைத் தொட்டிராத மனுஷன், அதைத் தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்து, வயலில் கூப்பிடுவதுபோல் கத்தினார்.

"பையனோட அம்மா சொல்லுதாங்க. ஆடச் சொல்லுங்க. காப்புக் கட்டி எறங்குனவன் பாதி வழியில சட்டிய எறக்கப்படாதுன்னு அம்மா சொன்னாங்கன்னு அவன்கிட்ட சொல்லிருங்க."

ஆபரேட்டர் அதை அப்படியே அந்தப் பக்கம் சொன்னாள். லைன் முடிந்துவிட்டது. நான் அவரை என்னென்ன கேட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். டைம் ஆபீஸ் கிளார்க் எழுந்து வெளியே போய்விட்டார், அவ்வளவுதான் சொல்வேன். தம்பியை முழுங்கியது போதாதா என்று கேட்டது மட்டும் இன்றைக்கும் என் நாக்கில் கசக்கிறது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "அவன் அப்பனை அவுத்து விட்டேன், போயிட்டான். இவனைக் கட்டிப் போடப் பார்த்தேன், அடிபட்டு நிக்கான். இப்பவும் புடிச்சி இழுத்தா, அவன் காலத்துக்கும் எல்லைக்கல்லைப் பார்த்துப் பயந்துக்கிட்டுக் கெடப்பான், என்னை மாதிரி." பிறகு சொன்னார். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவன் கால் தயங்கும், தாயி. நீ சொன்னதாவே இருக்கட்டும். சத்தியம் பண்ணு." பண்ணினேன். அவர் எதற்காகக் கேட்டார் என்று அப்போதே புரிந்தது. ஆட்டம் முடிந்தபின் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கும் அவர் விடவில்லை. தாய் சொல்லி ஆடினேன் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருப்பதை ஏன் கெடுக்க வேண்டும் என்றார்.

ஆட்டத்தைப் பற்றி நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் பையன் தோற்று, அடுத்தவன் ஜெயித்து, ஆளுக்கு ஒன்று என்று நிற்கும்போது நீ இறங்கினாய். எதிரே உன்னைவிட ஒரு முழம் உயரமான பையன். இரண்டு கேம் போச்சு, இரண்டு வந்தது. ஐந்தாவதில் தையல் விட்டு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது, வெள்ளைச் சுவரில் உன் கை பட்ட இடமெல்லாம் சிவப்பு, துடைத்துவிட்டுத்தான் ஆட விட்டார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன் அம்மா, பந்து தெரியவில்லை, சத்தத்தை வைத்து ஓடினேன், நீ சொன்னதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன் என்றாய். ஜெயித்துவிட்டு அந்தப் பையன் தோளிலேயே சாய்ந்துவிட்டாயாம். நீ வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடியது யாருடைய வார்த்தை என்று இப்போது தெரிகிறதா?

நீ வந்த அன்று கோவில்பட்டி ஸ்டேஷனில் மில்காரர்கள் மாலையோடு நின்றார்கள். புருவத்தில் பிளாஸ்திரியோடு இறங்கி நேரே என்னிடம் வந்து, என் கைக் காப்பை எல்லோர் முன்னாலும் அவிழ்த்து, என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். எனக்கு அது போதும், அந்த மாதிரி ஒரு நாள் எந்தத் தாய்க்குக் கிடைக்கும். ஆனால் பிளாட்பாரத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார், நீ பார்க்கக் கூடாது என்று. அவர் கையிலும் ஒரு மஞ்சள் துணி இருந்தது. போன் பேசிய அன்று தன் கையால் தானே கட்டிக்கொண்டது. ஒருவேளைச் சோறு, வெறுந்தரையில் தூக்கம் என்று நீ வரும்வரை கிடந்திருக்கிறார். உன்னைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தார். இரண்டு கண்ணும் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

இவ்வளவு நாள் சும்மா இருந்தவள் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், முந்தாநாள் அவர் இங்கே வந்திருந்தார். கல்யாணச் சமையலுக்கு என்று நம் நிலத்து மிளகாய் வற்றலை மூட்டை கட்டித் தோளில் கொண்டுவந்து இறக்கினார். உன் பத்திரிகை மாதிரி மேசை மேல் கிடந்தது. நான் எடுத்து மறைப்பதற்குள் எடுத்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து, ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தார். கீழே வந்து, திரும்ப மேலேயிருந்து ஒரு தடவை படித்தார். "எழுத்து நல்லா இருக்கு, தாயி" என்றார். பந்தல் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்பு, ஊரிலிருந்து கூட்டி வருகிறேன் என்றார். காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

பெயரைச் சேர்த்து அச்சடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதே. பத்திரிகையைத் தபாலில் அனுப்பவும் கூடாது. நீ ஊருக்குப் போ. பஸ்ஸை விட்டு எல்லைக்கல்லில் இறங்கி நடந்து போ. நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ள வேண்டாம், அழவும் வேண்டாம், மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தால் அந்த மனுஷன் ஓடியே போய்விடுவார். நம் வழக்கத்தில் மாப்பிள்ளைக்குக் கல்யாணக் காப்பைக் கட்டுவது அப்பா, அவர் இல்லாவிட்டால் அப்பாவின் அண்ணன். பெரியப்பா, காப்பு நீங்கதான் கட்டணும் என்று மட்டும் சொல். முடியாது என்பார். வேறு ஆளைப் பார் என்பார். நீ நகராதே. முகூர்த்தத்தன்று வந்து கட்டுவார், எனக்குத் தெரியும். அப்போது அவருக்கு முடிச்சு விழ நேரமாகும், ஐயர் அவசரப்படுத்துவார், போட்டோக்காரர் முகத்தைத் திருப்பச் சொல்வார். நீ எதையும் காதில் வாங்காதே. அவர் கட்டி முடிக்கிறவரை கையை நீட்டியபடியே இரு.

அம்மா